ஒரு வீட்டு உபயமா, ஊர் வசூலா? கட்டணமில்லா ஆய்வு வெளியீட்டுச் சேவைகள், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

"சார், அனுப்பின மூணாம் நாளே கட்டுரைய ஏத்துக்கிட்டாங்களாம். மூணு நாளுக்குள்ள டாலர்ல பணம் கட்டணுமாம். கட்டிடலாமா?"

தமிழில் முதுகலை முடித்துவிட்டுத் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்பு வந்துவிட்டது என்றால், அந்தக் கட்டுரையை யாரும் படிக்கவில்லை. கட்ட வேண்டாம். முதலில் திறந்த அணுக்க ஏடுகளின், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஏடுகளின், அடைவான டிஓஏஜே தளத்தில் ஏட்டின் பெயரைத் தேடுங்கள். லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய அடைவு அது. எழுதுபவரிடம் பணம் வாங்காத ஏடுகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அதில் உண்டு. பணம் கேட்டவரின் ஏடு அந்த அடைவில் இல்லாவிட்டால் மின்னஞ்சலுக்குப் பதில்கூடப் போட வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, காசு கட்டாமல் நல்ல இடத்தில் வெளியிட முடியுமா என்பது. முடியும். அப்படி வெளியிட உதவும் சேவைகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். மொழி, இலக்கியம், வரலாறு, சமயம், நாட்டார் வழக்காறு ஆகிய மானுடப் புலங்களில் எழுதுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. அறிவியல் துறையினருக்கு நிலைமை வேறு.

திறந்த அணுக்கத்தில் வாசகர் காசு கொடுப்பதில்லை. 2002-இல் புடாபெஸ்டில் இதற்கான அறிக்கை வெளிவந்தபோதே எழுந்த கேள்வி, அப்படியானால் யார் கொடுப்பது என்பதுதான். செம்மையாக்கம், பக்க அமைப்பு, சர்வர், நீண்டகாலப் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கோயில் திருவிழாவுக்குப் பணம் சேரும் இரண்டு வழிகளும் இங்கேயும் உண்டு. ஒரு குடும்பம் ஒருநாள் செலவு முழுவதையும் ஏற்றால் அது உபயம். வசூல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் அது ஊர் விழா. எழுதுபவரே கட்டணம் கட்டும் முறை உபயத்தைப் போன்றது. ஆய்வு மானியம் உள்ள அறிவியல் கூடத்துக்கு அது கட்டுப்படியாகலாம். நேச்சர் இதழ் 2021 முதல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்தபோதும் கட்டுவதற்கு ஆள் இருந்தது. பள்ளி முடிந்த பிறகு சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டு, பழைய லயங்களுக்குப் போய்ப் பாட்டிகளிடம் ஒப்பாரி பதிவு செய்பவருக்கு எந்த மானியம் இருக்கிறது?

நூல் என்றால் தொகை இன்னும் ஏறும். பிரிட்டன் அரசின் ஆய்வு நிதியமைப்பான யூகேஆர்ஐ, 2024 முதல் தன் நிதியில் விளைந்த ஆய்வு நூல்களும் திறந்த அணுக்கத்தில் வர வேண்டும் என்று விதித்து, நூல் ஒன்றுக்கு 10,000 பவுண்டு வரை ஒதுக்குகிறது. நம் கணக்கில் ஐம்பதாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். பேராக் மாநிலத்துத் தமிழ் ஆய்வாளர் ஒருவருக்கு அந்த உபயத்தை ஏற்கும் ஆள் கிடைக்கமாட்டார்.

ஊர் வசூல் முறையில் நடப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டிஸ். லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இயங்கும் இதை மார்ட்டின் பால் ஈவ், கெரொலைன் எட்வர்ட்ஸ் இருவரும் தொடங்கினார்கள். மெல்லன் அறக்கட்டளையின் தொடக்க நிதியோடு 2015-இல் ஏழு ஏடுகளுடன் வெளிவந்தது. எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். பல நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் அளவுக்கேற்ப ஆண்டுதோறும் ஒரு தொகை தருகின்றன, அதில் எல்லா ஏடுகளும் நடக்கின்றன. புதிய ஏட்டைச் சேர்ப்பது பற்றிப் பணம் தரும் நூலகங்களுக்கு வாக்கும் உண்டு.

இந்த முறையின் வலு மொழியியல் துறையில் தெரிந்தது. லிங்குவா என்ற பழம்பெரும் ஏட்டின் ஆசிரியர்கள் ஆறு பேரும் ஆசிரியர் குழுவினர் முப்பத்தொருவரும் 2015-இல் எல்செவியர் பதிப்பகத்திடமிருந்து ஒட்டுமொத்தமாக விலகி, குளோசா என்ற புதிய ஏட்டைத் தொடங்கினார்கள். பெயர் பதிப்பகத்திடம் தங்கிவிட்டது. ஆசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் எழுதுபவர்களும் புதிய ஏட்டுக்கு வந்துவிட்டார்கள். ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டிஸின் ஆதரவு அந்த ஏட்டுக்குக் கிடைத்தது.

இந்தச் சேவையின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது உண்மையாக நடக்கிறது, அதனால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பதவி உயர்வுக்கு டிசம்பருக்குள் கட்டுரை வேண்டும் என்று செப்டம்பரில் அனுப்புபவர் ஏமாறுவார். நமக்குப் பெரிய தடை மொழி. இந்த ஏடுகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தோட்டத்துக் கூத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தயாராக இருப்பவருக்கு இது சிறந்த இடம். தமிழில் எழுதியதைத் தமிழாகவே வெளியிட நினைப்பவருக்கு இங்கே இடமில்லை. அவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' போன்ற ஏட்டைப் பார்க்கலாம். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஏடு அது.

இன்னொரு குறை முறையிலேயே உள்ளது. பணம் தராத நூலகமும் எல்லாவற்றையும் படிக்கலாம். பட்ஜெட் இறுகும் ஆண்டில் நூலகர் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட தொகையைத்தான். வெட்டினாலும் படிப்பதில் எதுவும் குறையாதே! சுங்கை சிப்புட்டுக்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்கள் தந்த பத்துப் பத்து வெள்ளியால் வாங்க முடிந்தது. அங்கே பணம் போட்டவருக்குப் பங்கு இருந்தது, போடாதவருக்கு இல்லை. திறந்த அணுக்கத்தில் அப்படி வேலி போட முடியாது. வேலி இருந்தால் அது திறந்த அணுக்கமே இல்லை. ஆகவே இங்கே வசூல் நிலைப்பது தொடர்ந்து கேட்பதில்தான் இருக்கிறது. மலேசியப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்கள் தங்கள் நூலகத்தின் மின்வளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதில் இந்தச் சேவையின் ஏடுகளில் தங்கள் துறையினர் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எத்தனை என்பதைக் கணக்கிட்டுச் சொன்னால், பொதுவான வேண்டுகோளைவிட நூலகர் அதைக் கவனிப்பார்.

இதே கொள்கையில் வேறு இரண்டு முறைகளும் நன்றாக ஓடுகின்றன. பெர்கான் பதிப்பகம் 2020-இல் தன் 13 மானிடவியல் ஏடுகளை, நூலகங்கள் சந்தாவைத் தொடர்ந்தால் அந்த ஆண்டு ஏட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவது என்ற ஏற்பாட்டுக்கு மாற்றியது. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழக அச்சகம் பழைய நூல்களுக்கு நூலகங்களிடம் சந்தா வாங்கி, அந்தப் பணத்தில் புதிய நூல்களைத் திறந்து வெளியிடுகிறது. வேலி போடாமலேயே நூலகத்தைக் கட்டிவைக்கும் கெட்டிக்காரத்தனம் இவற்றில் உண்டு. தமிழ்நாட்டில் எழுத்துகளை நாட்டுடைமையாக்கும் வழக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எழுதியவரின் வாரிசுக்கு அரசு ஒருமுறை பரிவுத்தொகை தந்துவிட்டால், அதன் பிறகு யாரும் அச்சிடலாம், இணையத்தில் போடலாம்.

தமிழில் எழுதுபவருக்கு இன்றைக்கே கைகொடுப்பது ஸெனோடோ. ஐரோப்பிய அணு ஆய்வுக் கூடமான செர்னும், ஐரோப்பாவின் திறந்த அணுக்க அமைப்பான ஓப்பன்ஏரும் சேர்ந்து 2013-இல் தொடங்கிய மின்களஞ்சியம். அலெக்சாந்திரியா நூலகராக இருந்த ஸெனோடோட்டஸின் பெயர் அதற்கு. பதிவு ஒன்றுக்கு 50 ஜிபி வரை இடம், ஆய்வை இணையத்தில் அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண், எல்லாம் இலவசம். சொந்தமாக டிஓஐ எண் கொடுக்க கிராஸ்ரெஃப் அமைப்பில் சேர்ந்தால் ஆண்டுக்குச் சில நூறு டாலர் கட்ட வேண்டிவரும். அந்தச் செலவு இங்கே இல்லை. ஆனால் இது ஏடு அல்ல. யாரும் மதிப்பிட்டுத் தர மாட்டார்கள். போட்டது போட்டபடி நிற்கும். மதிப்பீட்டுக்கு ஏடு, பாதுகாப்புக்கு ஸெனோடோ என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

பதிவேற்றுவதற்கு முன்பே டிஓஐ எண்ணை ஒதுக்கி வாங்கும் பொத்தான் அங்கே இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். முதலில் எண்ணை வாங்கி, பிடிஎஃபின் முதல் பக்கத்தில் அச்சிட்டு, பிறகு ஏற்றுங்கள். வெளியிட்ட பின் கோப்பை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, புதிய பதிப்பாகத்தான் சேர்க்க முடியும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஓர் எண். பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். தலைப்பைத் தமிழில் இட்டு, மொழிபெயர்த்த தலைப்பாக மலாயையும் ஆங்கிலத்தையும் சேருங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறந்தால் தேடுபவர் கண்ணில் படாது.

பெயர் எழுதும் இடம் நம்மவர்களைத் தடுக்கிவிடும். படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கேட்கும். அடையாள அட்டையில் உள்ளபடி மகன், மகள் என்று குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' சேர்த்து எழுதினால் சாய்கோடு மேற்கோள் மென்பொருளில் சிதைகிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டால், உலகம் முழுவதும் உங்கள் அப்பாவின் பெயரால் உங்கள் ஆய்வைச் சுட்டும். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கில் வெளியீட்டுப் பெயர் என்று தனி இடம் உண்டு. அதில் 'ஏ/எல்' இல்லாமல் ஒரே வடிவத்தை முடிவு செய்துகொண்டு, எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள். ஒரு கட்டுரையில் இரட்டை 'ஏ', மற்றொன்றில் ஒற்றை 'ஏ' என்று ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினால் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள்.

அடுத்தது தமிழ் பிடிஎஃப். ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கோப்பைத் திறந்து 'தோட்டம்' என்று தேடுங்கள். கண்ணெதிரே இருபது இடத்தில் அந்தச் சொல் இருக்கும், தேடலோ ஒன்றுமில்லை என்று சொல்லும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் காரணம் தெரியும்: 'ேதாட்டம்' என்று வந்து விழும். பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. கொம்பு இடப்பக்கம் வரையப்படுவதால் அது மெய்க்கு முன்னால் போய் நிற்கிறது. தேடுபொறியும் அப்படித்தான் படிக்கும். தோட்டத் தொழிலாளர் பற்றிய 300 பக்க ஆய்வேடு 'தோட்டம்' என்று தேடுபவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். பிடிஎஃபோடு அதே உரையின் வேர்ட் கோப்பையோ வெறும் உரைக் கோப்பையோ சேர்த்து ஏற்றுவதுதான் நம்பகமான மாற்று. ஸெனோடோ ஒரே பதிவில் பல கோப்புகளை ஏற்கும்.

ஆய்வேடு பழையது என்றால் இன்னொரு படி உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை, எழுத்துரு இல்லாத கணினியில் குறிகளின் குவியலாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எடுக்கலாம். மாற்றிய பின் 'ஔ' என்ற எழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஔவையார் 'ஒளவையார்' ஆகியிருப்பார்.

கோயில் மலர், பள்ளி மலர் ஸ்கேன் செய்பவர்கள் 300 டிபிஐ, வண்ணத்தில் எடுங்கள். சுருக்காத ஏ4 பக்கம் ஏறத்தாழ 26 எம்பி. 120 பக்க மலர் 3 ஜிபியை ஒட்டி வரும், கவலையில்லை. கடையில் கொடுத்தால் 'சின்னதாக்கித் தரட்டுமா' என்று கேட்பார்கள். மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், சுருக்கிய கோப்பிலிருந்து திரும்பப் பெற முடியாது. படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆருக்கு டெசரக்ட் மென்பொருள் இலவசம், தமிழ் படிக்கும். 'ர'வையும் காலையும் மாற்றிப் போடும். தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் பழைய 'னை', 'லை', 'ணா', 'றா' வரும் இடங்களில் இன்னும் தடுமாறும். இரண்டு பேர், ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்த, நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால்தான் பிழை குறையும். திறந்த அணுக்கத்தின் உண்மையான செலவு நம் ஊரில் இந்த உழைப்புதான். பணம் திரட்டினால் முதலில் இதற்குக் கொடுங்கள்.

உரிமத்தில் அவசரப்பட வேண்டாம். ஸெனோடோ தானாகக் காட்டுவது கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0. பெயரைச் சொல்லிவிட்டு யாரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம். சொந்த ஆய்வுக்கு இதுவே நல்லது. 'மாற்றக் கூடாது' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஆய்வை மலாயில் பெயர்க்க நினைப்பவர் ஒவ்வொரு முறையும் உங்களைத் தேடி வர வேண்டும். 'வணிகம் கூடாது' என்ற வகையை விக்கிப்பீடியா ஏற்காது. ஆனால் பாட்டிகள் பாடிய ஒப்பாரியின் ஒலிப்பதிவு உங்கள் சொத்து மட்டும் அல்ல. எழுத்துவடிவத்தைத் திறந்துவிட்டு ஒலியைத் தனிப் பதிவில் கட்டுப்படுத்திய கோப்பாக வைக்கலாம், களஞ்சியம் அதை அனுமதிக்கிறது. மலரில் வந்த கட்டுரைக்கு ஆலய நிர்வாகத்தின் சம்மதம் போதாது. மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை அவருக்கும் வாரிசுக்கும் உண்டு. கட்டுரைத் தலைப்பு, உரிமத்தின் முழுப்பெயர், தேதி, கையெழுத்து, இவ்வளவும் ஒரே தாளில் வாங்கிவிடுங்கள். பழைய மாணவர் பதிவேட்டில் பிறப்புப் பத்திர எண்களும் அடையாள அட்டை எண்களும் இருந்தால் மறைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

சொந்த ஏடு நடத்த நினைக்கும் சங்கங்களுக்கு, ஏட்டை இணையத்தில் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் இலவசம், 2001 முதல் இருக்கிறது. நிறுவுவது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது ஆண்டுக்கணக்கு. புதுப்பிக்காமல் விட்ட தளங்களில் சூதாட்ட விளம்பரங்கள் புகுந்துகொள்கின்றன. தளத்தைப் பார்த்துக்கொள்ள நிலையான ஒருவர் இல்லையென்றால் ஏடு தொடங்காதீர்கள்.

நூல் வெளியிடுபவர்களுக்குக் கடைசியாக. கேம்பிரிட்ஜில் 2008-இல் தொடங்கிய ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ், எழுதுபவரிடம் பணத்தை நிபந்தனையாக்காமல் பிடிஎஃபை இலவசமாகத் தந்துகொண்டே அச்சுப் பிரதியை விற்கிறது. நூலகங்களின் உறுப்பினர் தொகையும் அச்சு விற்பனையும் சேர்ந்து அதை நடத்துகின்றன. தமிழ் நூலுக்கு இது பொருந்தாவிட்டாலும் முறை பொருந்தும். நம் ஊரில் நூல் வெளியீட்டு விழாவில் முதல் நூல் பெறுபவர் தரும் அன்பளிப்பும் உறைகளும்தான் அச்சுச் செலவை ஈடுகட்டுகின்றன. அந்த வசூலோடு மின்பதிப்பையும் சேர்த்துவிடலாம்.

அச்சுக்கும் பிடிஎஃபுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் வேண்டும். மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அச்சானதும் 1986-ஆம் ஆண்டு வைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே அனுப்ப வேண்டும், பிரதிக் கணக்கில் முதலிலேயே கழித்துவிடுங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே நூலை ஸெனோடோவில் ஏற்றி, குறிப்பிட்ட தேதி வரை மூடிவைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பதிவு உடனே தெரியும், கோப்பு மட்டும் அன்றைக்குத் திறக்கும். சர்வர் ஐரோப்பாவில் இருக்கிறது, நாம் பல மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விழா ஞாயிறு காலை என்றால் சனிக்கிழமைத் தேதியைக் குறியுங்கள், இல்லாவிட்டால் மேடையில் பெயர் வாசிக்கும்போது கோப்பு பூட்டியே கிடக்கும். அழைப்பிதழின் பின்பக்கத்துக் கியூஆர் குறி, எல்லாப் பதிப்புக்கும் பொதுவான டிஓஐ எண்ணைக் காட்ட வேண்டும். முதல் பதிப்பின் எண்ணை அச்சிட்டுவிட்டால், பிழை திருத்தி ஏற்றிய பிறகும் அழைப்பிதழை வைத்திருப்பவர் முதலில் போய்ச் சேருவது பழைய பிழைப் பிரதிக்குத்தான்.